மூன்று குடத்திலும் ஓட்டை

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. "நீ குடியிருந்த வூட்ட இடிச்சிட்டாங்கடி" என்றாள் சித்தி. எனக்கு அழுகையாக வந்தது. அவளுக்கு எல்லாமே விளையாட்டுத்தான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நர்ஸம்மா மருந்துச் சீட்டை அப்பாவிடம் கொடுத்தார். புத்திமதியை மட்டும் என்னிடம் சொன்னார். இருமினாலும் சிரித்தாலும் அம்மா தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். "மூணு மாசத்துக்கு அம்மாவ கொடம் தூக்க வுடாத பாப்பா. உள்ள தையல் கீது, பிரிஞ்சிடும்." அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பத்து நாள் சித்தி தண்ணீர் பிடித்தாள். பிறகு நெட்டுக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா துறைமுகத்தில் நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவர். ஆனால் தண்ணீர்க் குடத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை லாரித் தண்ணீர் பொம்பளைகள் சமாச்சாரம். முதல் நாள் சாயங்காலமே குடங்களை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட வேண்டும். அம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்துபோய் எங்கள் மூன்று குடங்களையும் வைத்துவிட்டு வந்தாள். "அரக் கொடமா தூக்கிக்கிறேன்" என்றாள்.

இருட்டும்வரை காத்திருந்தேன். ஆணியும் கல்லும் எடுத்துக்கொண்டு போய் மூன்று குடத்துக்கும் அடியில் ஓட்டை போட்டேன்.

காலையில் லாரி வந்தது. பிடித்த தண்ணீரெல்லாம் அம்மாவின் காலடியில் ஓடியது. தெருவே சிரித்தது. காலிக் குடங்களோடு அவள் வீட்டுக்குள் வந்ததும் அப்பா கத்தினார். "எவ பாத்த வேல இது?" நான் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கினேன். அம்மா ஒரு தரம் என் பக்கம் பார்த்தாள்.

"நாந்தான் ஓட்ட போட்டேன். நர்ஸம்மா சொன்னது உன் காதுல வுழல, அதான்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா பக்கத்து வீட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டு லாரிக்குப் போனார். அவர் அதைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தபோது அம்மா தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தையல் வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

எனக்காகப் பொய் சொன்னாள், நான் அடியிலிருந்து தப்பித்தேன். அன்று எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அப்பாவிடம் முதன்முதலாக முடியாது என்று சொன்னது அப்போதுதான். அது எனக்குப் புரிய, நானும் ஒரு வீட்டுக்குப் போய்க் குடம் தூக்க வேண்டியிருந்தது.