மருந்து காணாத மாவுப்பூச்சி

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் விலங்கியல் படித்து முடித்துவிட்டு ஆடலூருக்குத் திரும்பியிருந்தேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்தப் பருவத்தில் எங்கள் காப்பித் தோட்டத்தின் கீழ்ச்சரிவு முழுக்க மாவுப்பூச்சி. காய்க்கொத்துகளில் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்ச, காய்கள் பிஞ்சிலேயே உதிர்ந்தன. அண்ணன் அடித்த மருந்துக்கு அது அசையவில்லை.

"கலப்பட மருந்தக் குடுத்துட்டான். நாளன்னைக்கு வத்தலக்குண்டுக்குப் போயி அவன நாலு கேள்வி கேட்டுட்டு, வேற கடையில வாங்கி ரெட்டிப்பா அடிக்கப் போறேன்" என்றான்.

எனக்கு வேறு சந்தேகம். வருஷாவருஷம் அதே மருந்து. தப்பிப் பிழைத்தவையே பெருகிப் பெருகி, அந்த மருந்துக்குச் சாகாத வம்சமாகிவிட்டால்? அப்போது ரெட்டிப்பாக அடித்தால், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள்தான் முதலில் சாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே காணாத மாவுப்பூச்சி வேண்டும். கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய சாமியார் பங்களாவுக்குப் பின்னால் யாரும் மருந்தடிக்காத காப்பிச் செடிகள் நின்றன. ஓடினேன்.

"பூச்சியா? அள்ளிட்டுப் போம்மா. வளக்கவா?" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

"கொல்ல."

"அதுக்குக் கோயில் பூச்சிதான் கெடச்சுதாக்கும்."

ஊறுகாய் பாட்டில்களில் மருந்தில் நனைத்த இலை, வெறும் தண்ணீரில் நனைத்த இலை. இரண்டிலும் எங்கள் பூச்சி தனியாக, கோயில் பூச்சி தனியாக. பாட்டில் வாயை மெல்லிய துணியால் கட்டினேன். ஆனால் விட்டுவைக்க முடிந்தால்தானே? வெயிலுக்குத் தூக்கிப்போய்ப் பார்ப்பேன், துணியை அவிழ்ப்பேன், காலை அசைக்கிறதா என்று ஈர்க்கால் குத்துவேன். மறுநாள் காலையில் எல்லா பாட்டிலிலும் எல்லாம் செத்திருந்தன.

"தண்ணியிலயும் செத்துக் கெடக்கு தாயி. மருந்து எதுக்கு, தண்ணியவே அடிச்சிருவோம்" என்று அண்ணன் சிரித்தான்.

மதினி சிரிக்கவில்லை. "இவ குத்துன குத்துல செத்திருக்கு. திரும்ப வையி" என்றாள். புதிய பாட்டில்களை அடுக்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்கு இவுக பஸ்ஸுக்குக் கெளம்பையிலதான் தெறப்பேன்."

நான் கீழ்ச்சரிவுக்கு இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். அரைத்த மாவையே திரும்ப அரைக்கப் போய்த் திட்டு வாங்கினேன்.

மறுநாள் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க, மதினி அலமாரியைத் திறந்தாள். ஈர்க்கை என் கையிலிருந்து அவனே பிடுங்கிக்கொண்டான். தண்ணீர் இலைகளில் இரண்டு வகையும் உயிரோடு இருந்தன. மருந்து இலையில் கோயில் பூச்சிகள் சுருங்கிக் கிடந்தன. அதே மருந்து இலையில் எங்கள் பூச்சிகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"மருந்துல குத்தமில்ல" என்று பையைக் கீழே வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சரி, இப்ப என்ன செய்ய?"

நிரூபிக்க அலைந்த அலைச்சலில் அதை நான் சரியாக யோசித்திருக்கவில்லை. "பூச்சி பிடிச்ச கெளையெல்லாம் வெட்டி எரிச்சிரணும். அடிமரத்துல எறும்பு ஏறாமப் பாக்கணும், எறும்புதான் அதுக்குக் காவல். பொறிவண்டு மிச்சத்தத் திங்கும்."

"காயோடவா வெட்டணும்?"

"காயோடதான்."

"வண்டு திங்காட்டி?"

மதினி அரிவாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

கீழ்ச்சரிவில் அவன் வெட்ட வெட்ட நான் இழுத்துக் குவித்தேன். கொத்துக்கு நாலைந்து காயாவது நல்ல காயாக இருந்தது. அவன் ஒவ்வொரு கிளைக்கும் கையை ஓங்கி, நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டே வெட்டினான்.