எத்தனை விசில்

எங்கள் வீட்டில் அவனுக்கு 'விசில்' என்று பெயர். வைத்தவன் நான்தான். வெளிநாட்டுக்குப் படிக்க வந்த நான்கு பேர் இரண்டு அறைகளைப் பங்கு போட்டு வாழ்ந்த வீடு அது. வந்த முதல் வாரமே, துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, கையில் போனோடு பக்கத்திலேயே காவல் நின்றான். அரிசிக்கு எத்தனை விசில், பருப்புக்கு எத்தனை, உருளைக்கிழங்கைத் தோலோடு போட்டால் எத்தனை என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்பான். வாய்ஸ் மெசேஜில் பதில் வரும். "மூணு விடு ராஜா. நாலாவது வந்தா குழைஞ்சிடும்." ஸ்பீக்கரில்தான் போடுவான். சமையலறையில் நிற்கும் நாங்களும் கேட்டே ஆக வேண்டும்.

சொந்தமாக ஒரு முடிவெடுக்கத் தெரியாத பிள்ளை. புதுச் சிவப்புச் சட்டையை எல்லோர் துணியோடும் மெஷினில் போட்டு, என் வெள்ளைச் சட்டைகளை ரோஸ் ஆக்கினான். மதிய வேளைகளில் ஒரு பெரிய கேன்டீனில் தட்டுக் கழுவினான். கையுறைக்குள் தண்ணீர் புகுந்து விரலெல்லாம் வெடித்தது. அதற்கும் அம்மாவிடம்தான் வைத்தியம் கேட்டான். படிப்பில் மட்டும் புலி. அவனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். என் அம்மா மாதம் ஒருமுறை பேசினால் அதிகம். பொறாமை என்று இப்போது சொல்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

வருடக் கடைசிப் பரீட்சை முடிய ஒரு மாதம் இருந்தபோது அவன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். எங்கள் நால்வரில் நான்தான் மூத்தவன் என்று என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷனாம். தெரிந்தால் தம்பி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்பதால், அம்மாவை உட்கார வைத்து முப்பது மெசேஜ் பேச வைத்துப் பதிவு செய்துவிட்டார்களாம். பரீட்சை முடியும்வரை போன் பேச்சு வேண்டாம், மெசேஜ் போதும் என்பது முதல் மெசேஜ். மற்றவற்றை அண்ணன் அம்மாவின் போனிலிருந்து தினம் ஒன்றாக அனுப்புவார். கடைசி மெசேஜ் போவதற்குள் அம்மா எழுந்து நடமாடிவிடுவார் என்று கணக்கு.

நம் குடும்பங்களுக்கு இது கைவந்த கலை. பரீட்சை எழுதும் பிள்ளையிடம் சாவைக்கூட மறைப்பார்கள். பிறகு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பார்கள். அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றார் அண்ணன். நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

ஆபரேஷன் சரியாக நடக்கவில்லை. அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண் திறப்பார், ஆளை அடையாளம் தெரியும், பேச மட்டும் வராது. இதையும் அண்ணன் என்னிடம்தான் சொன்னார். இப்போதாவது அவனுக்குச் சொல்லலாமே என்று நான் கேட்கவில்லை. மெசேஜ்கள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

விசில் கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில் என்று கேட்டான். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டான். மறுநாள், நேரத்துக்குச் சாப்பிடு என்று வந்தது. கடலை வேகாமல் கல்லாகக் கிடந்ததை மென்றுகொண்டே நாங்கள் அவனைக் கிண்டல் செய்தோம். பதினைந்தாம் நாள், மாதிரித் தேர்வில் தான்தான் முதல் மார்க் என்று துள்ளிக்கொண்டு அனுப்பினான். துணியெல்லாம் துவைத்துப் போட்டுக்கொள்கிறாயா என்று அம்மா கேட்டார். அவன் முகம் சுருங்கிப்போனது.

"நான் சொல்றது எதுவுமே அம்மா காதுல விழ மாட்டேங்குதுண்ணா."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. அன்று சொல்லியிருந்தால் அவன் விமானம் ஏறியிருப்பான், அம்மாவை உயிரோடு பார்த்திருப்பான். சொல்லவில்லை. கோபத்தில் இருந்தால் கேள்வி கேட்க மாட்டான், ரகசியம் தப்பும் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. அவன் வாடி நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

நறுக்கென்று நாலு வார்த்தை கேள், பரீட்சை முடியும்வரை பேசாதே, அப்போதுதான் உன் அருமை தெரியும் என்றேன். என் முன்னாலேயே பதிவு செய்தான். "நீ கடமைக்குப் பேசுறம்மா. உனக்கு நான் முக்கியமே இல்ல. இனிமே எனக்கு எதுவும் அனுப்பாதே." விரல் தயங்கியது. அனுப்பவா அண்ணா என்று கேட்டான்.

"அனுப்பு" என்றேன்.

ஒரு விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. அவன் அனுப்புவதையெல்லாம் அண்ணன் தினமும் காலையில் அம்மாவின் காதருகே வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சின்னவன் குரல் கேட்டால் அம்மாவின் விரல்கள் அசையுமாம். அன்றும் அப்படியே போட்டார். முன்னால் ஒரு தடவை தான் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த மூன்றாம் நாள் அம்மா இறந்துபோனார். அதையும் அண்ணன் என்னிடம்தான் சொன்னார். பரீட்சை முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அத்தனை நாளும் அவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் ரோஷத்தில் எந்த மெசேஜையும் திறக்கவில்லை. அண்ணனும் அனுப்புவதை நிறுத்தவில்லை.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மதியம் சிரித்துக்கொண்டே வந்தான். குக்கரை ஏற்றினான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றான். முதலில் அண்ணனைக் கூப்பிடு என்றேன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டான்.

அம்மா போய்ப் பதினோரு நாள் ஆகிறது என்றார் அண்ணன். எல்லாவற்றையும் சொன்னார். விசில் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நான் கடைசியா அனுப்புனதை அம்மா கேட்டாங்களா?"

ஒரு மாதம் கூசாமல் பொய் சொன்ன மனிதர், தேவைப்பட்ட அந்த ஒரு பொய்யைச் சொல்லவில்லை.

"கேட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. அதுக்கப்புறம் கண்ணைத் திறக்கலடா."

விசில் என்னைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாது" என்றேன்.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க?" என்றது ஸ்பீக்கர். "முதல் நாள்லேருந்து உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

விசில் அண்ணனின் அழைப்பைத் துண்டித்தான். அடுப்பை அணைத்தான். திறக்காமல் கிடந்த பதினைந்து மெசேஜையும் ஒவ்வொன்றாகப் போட்டான். நாங்கள் நின்று கேட்டோம். கடைசி மெசேஜ் அன்று காலையில்தான் வந்திருந்தது.

"பரீட்சை முடிஞ்சுதா ராஜா? இப்பக் கூப்பிடு. அம்மா போனைக் கையிலேயே வெச்சிருக்கேன்."