கடல் சிப்பும் கேட்காத கேள்வியும்

என் கணவருக்கு மீன்பிடிப் பைத்தியம். சனிக்கிழமை விடிந்தால் சிநேகிதரின் சின்னப் படகில் எசெக்ஸ் பக்கம் கடலுக்குப் போய்விடுவார். நாங்கள் இருக்கிற பார்க்கிங் நகரில் மீன்கடைக்கா பஞ்சம்? சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆளில்லை. அந்தக் கரை பொல்லாதது. தண்ணீர் வற்றினால் மைல் கணக்கில் சேறு. மூடுபனி இறங்கினால் கரை எது, கடல் எது என்று தெரியாது.

பயத்தில்தான் அவருக்குக் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று வாங்கிக் கொடுக்க முடிவெடுத்தேன். கடைக்காரரை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா? ஈரக் கையால் பொத்தானை அழுத்தலாமா? பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும்? அவர் முதலில் எடுத்துக் காட்டிய வரைபடச் சிப்பில் காடும் மலையும் ஒற்றையடிப் பாதையும்தான் இருந்தன. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு நல்லதாம். என் மனுசன் மலையிலா தொலையப்போகிறார்? ஆழமும் சேற்றுத் திட்டும் காட்டுகிற கடல் சிப்பைத்தான் வாங்கினேன். அங்கேயே கருவியில் போட்டு, படம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை மூடுபனி. இரண்டு மணிக்கு வருகிறவர் ஐந்தாகியும் வரவில்லை. போன் அடித்தால் மணி போகவில்லை. சிநேகிதரின் இலக்கமும் என்னிடம் இல்லை. அவசர இலக்கத்தை அழுத்திக் கரையோரக் காவலைக் கேட்டேன். எடுத்த பெண், அவர் எந்த இடத்திலிருந்து படகை இறக்கினார் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. வாசல் தாண்டி வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. இருபத்திரண்டு வருடமாக, "கவனம், போட்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். படகு என்ன நிறம் என்றாள். அதுவும் தெரியாது. கையில் நல்ல ஜி.பி.எஸ். இருக்கிறது, ஆழம் காட்டும் சிப்பும் இருக்கிறது என்றேன். அது அவருக்குத்தான் வழி காட்டும், எங்களுக்கு ஒன்றும் சொல்லாது என்றாள். கடையில் அத்தனை கேள்வி கேட்டவள், வீட்டில் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெட்கமும் பயமுமாக அழுதேன்.

ஏழு மணிக்கு வந்தார், முழங்கால் வரை சேறு. போனில் சார்ஜ் இல்லையாம். காவலுக்கு அறிவித்துவிட்டு, வாய் ஓயும்வரை ஏசினேன்.

"ஏனப்பா அழுறீர்? நீர் வாங்கித் தந்த சிப்தான் திட்டைக் காட்டினது. தண்ணி ஏறுமட்டும் நிண்டுபோட்டு வந்தனாங்கள்."

அடுத்த சனிக்கிழமை அவர் வாசலில் நின்றபோது கேட்டேவிட்டேன்.

"எங்கை போறியள்?"

ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார். "வெளிக்கிடேக்கை இப்பிடிக் கேக்கிறதே?"

"ஓம், கேக்கிறன். இடத்தைச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

முகம் கறுத்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். இடத்தையும் படகின் நிறத்தையும் கடதாசியில் எழுதித் தந்தார். பிறகு புதிதாக வெளிக்கிடுகிற ஆளைப் போல மறுபடி போனார்.

அன்றைக்கு வானம் வெளித்துத்தான் இருந்தது. அவர் எங்கே என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேனே, கேட்டுவிட்டேனே என்று நெஞ்சு பதறிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வருமட்டும் நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.