ஃபாதர் வீட்டில் ஒரு பன்றி ரோஸ்ட்

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தில் ஆள் இல்லாத குசினியில் சமையல் தானாக நடக்கிறது. ஸ்லோ குக்கர் என்று ஒரு மின்சாரச் சட்டி. காலையில் இறைச்சியை வைத்து மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போய்விடலாம். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. நான் துப்புரவு வேலை செய்யும் ஃபாதர் வீட்டுக்கு யாரோ பரிசாகக் கொடுத்த அந்தச் சட்டி, பெட்டிகூடப் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது.

அங்கே சமைத்துவந்த அம்மையார் வேலையை விட்டதும் ஃபாதர் டின் சாப்பாட்டில் நாளைக் கழிக்கத் தொடங்கினார். அந்த வேலையை எனக்குத் தரும்படி கேட்டேன். கறி தன் வயிற்றுக்கு ஒத்துவராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் கறி என்று வாயே திறக்கவில்லை. கணவர் இறந்து ஒரு வருடம். வாரத்தில் மூன்று நாள் துப்புரவு வேலையை நம்பி நானும் மகளும் இங்கே இருக்க முடியாது. முன்னறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்துவிடு என்று திருகோணமலையிலிருந்து அக்கா மாதம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார். மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதைக் குழப்ப எனக்கு மனமில்லை. ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை விடுங்கள், பன்றி ரோஸ்ட் செய்து தருகிறேன் என்று ஃபாதரிடம் கேட்டேன்.

அது நான் இங்கே பழகிய சமையல் அல்ல. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை, துறைமுகத்தடியில் ஓர் அதிகாரி வீட்டில் நான்தான் சமையல். ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் கப்பலில் பன்றி இறைச்சி வந்தது, ஆப்பிள் வரவில்லை. ஆப்பிள் சோஸ் இல்லாமல் என்ன ரோஸ்ட் என்று அதிகாரியின் மனைவி, எங்கள் துரைசாணி, கண் கலங்கினாள். வளவில் நின்ற அம்பரெல்லா மரத்தில் முற்றிய புளிப்புக் காய் பறித்து, சீனியும் இஞ்சியும் கறுவாவும் போட்டு அவித்து மசித்தேன். இறைச்சியைக் கனத்த சட்டியில் மூடி, சிரட்டைத் தணலில் மத்தியானம்வரை வேகவிட்டேன். விருந்தினர் சோஸைப் புகழ்ந்தபோது, அது தன் தாயின் கைப்பக்குவம் என்றாள் துரைசாணி. கதவடியில் நின்ற நான் வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவர்கள் கப்பலேறும்போது தந்த நற்சான்றுக் கடிதத்தில் நேர்மை இருந்தது, சுத்தம் இருந்தது. சமையல் என்ற சொல் மட்டும் இல்லை.

அம்பரெல்லாவுக்கு இங்கே எங்கே போவது? ஃபாதரின் தோட்டத்தில் விழுந்து கிடந்த புளி ஆப்பிள்களைப் பொறுக்கி, அதே பக்குவத்தில் சோஸ் செய்தேன். இறைச்சிக்கு உப்பும் மிளகும் தேய்த்து, தாச்சியில் நிறம் வரப் பிரட்டி, காலை ஏழு மணிக்குச் சட்டியில் வைத்தேன். இடையில் மூடியைத் திறந்தால் சூடு போய்விடும் என்று கூட வந்த புத்தகத்தில் இருந்தது. நாள் முழுக்கக் கை துடித்தது. திறக்கவில்லை.

பின்னேரம் மேசையில் வைத்ததும் ஃபாதர் "ஹாட்?" என்று கேட்டார். சட்டியிலிருந்து நேரே எடுத்து வந்த பெருமையில் "வெரி ஹாட், ஃபாதர்" என்றேன். உடனே ஒரு கூசா தண்ணீர் கேட்டார். சூட்டை அல்ல, உறைப்பைத்தான் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் துண்டை மருந்து மாதிரி வாயில் வைத்தார். பிறகு சோஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தண்ணீர் அப்படியே இருந்தது.

இது சிலோன் சாப்பாடா என்று கேட்டார்.

"ரோஸ்ட் உங்கட சாப்பாடுதான், ஃபாதர். சோஸ் என்ர. திருகோணமலையில நானே யோசிச்சுச் செய்தது."

இந்த முறை சொல்லிவிட்டேன். ஃபாதர் வாயைத் துடைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை என்ன சமைப்பீர்கள்?" என்றார்.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தக் குசினிக் கதிரையிலேயே இருந்து அக்காவுக்கு எழுதினேன்: "முன்னறையை ஆருக்காவது குடுங்கோ அக்கா. எனக்குச் சமையல் வேலை கிடைச்சிருக்கு. இப்ப வீட்டுக்கு வர ஏலாது. மிச்சத்தை வீட்டுக்குப் போய் எழுதுறன்."

வாசித்துப் பார்த்தபோதுதான் ஊர் வீடும் இங்குள்ள வீடும் 'வீடு' என்றே அடுத்தடுத்துக் கிடப்பதைக் கண்டேன். பேனை கையில்தான் இருந்தது. ஒன்றையும் வெட்டவில்லை.