எக்ஸ்பயர்

மருந்துக்கடைப் பெண் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது எக்ஸ்பயர் ஆயிடுச்சு சார், வேற தர்றேன்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் முகம் சுடும்.

நான் பள்ளியில் படித்தபோது நாங்கள் குத்தாலத்தில் இருந்தோம். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன். இங்கிலீஷ் தெரிந்தவர் என்ற பெயரும் அப்பாவுக்கு உண்டு. அடுத்த வீட்டு பாத்திமா அத்தையின் கணவர் துபாயில் வேலை பார்த்தார். ஒரு நாள் அவருடைய கம்பெனியிலிருந்து யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். போனை வைத்த கையோடு அப்பா வேலியோரம் ஓடினார்.

"தங்கச்சி, எக்ஸ்பயர் ஆயிடுச்சாம்! விசா முடிஞ்சுபோச்சு. மச்சான் ஊருக்கு வர்றாரு!"

அத்தை அன்று தெரு முழுக்கச் சீனி கொடுத்தார்.

மறுநாள் துபாயிலிருந்த உறவுக்காரர் பேசியபோதுதான், அத்தையின் கணவர் இறந்துபோனது தெரிந்தது. மூச்சை வெளியே விடுவதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள் என்றும், மனிதர் சாவதற்கும் கெடு முடிவதற்கும் அதையே சொல்வார்கள் என்றும் நான் கல்லூரியில் படித்தேன். அப்பாவுக்குத் தெரிந்தது கெடு மட்டும்தான்.

துக்க வீட்டு வாசலில் அப்பா தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தை திட்டவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"அண்ணே, போன்ல வேற என்ன சொன்னாங்க? எப்படி மவுத்தானாங்களாம்? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

அந்தக் கம்பெனி ஆள் போனில் வெகுநேரம் விவரம் சொல்லியிருந்தார். ஒன்றும் புரியாமல் அப்பா "எஸ் சார், தேங்க்யூ சார்" என்று சொல்லி போனை வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.