நாலாம் தேதி, ஏழாம் மாதம்

போன வாரம் புது மடிக்கணினி வாங்கினேன். திறந்த உடனே அது கேட்ட முதல் கேள்வி, எந்த நாடு, எந்த மொழி என்பது. பக்கத்தில் இருந்த மகள், "மலேசியா போட்டு நெக்ஸ்ட் அமுக்குங்கப்பா, இதுல என்ன யோசன" என்றாள். நான் அமுக்கவில்லை. ஒவ்வொரு பட்டியலாக இறக்கிப் பார்த்தேன். நாள் முன்னால் வருகிறதா, மாதம் முன்னால் வருகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். சாதுவாகக் கேட்கிற இந்த மாதிரிக் கேள்வியை நான் நம்புவதே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். புதுக் கணினிக்கு ஒரு வாசம் உண்டே, சூடான பிளாஸ்டிக்கும் அட்டைப்பெட்டியும் கலந்தது, அது மூக்கில் ஏறியதும் நான் நினைவில் பழைய கிள்ளான் ஊருக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில் கல்யாண மண்டபம் ஒன்று இருந்தது. என் முதல் வேலை அங்கேதான். ஏர்கோன் ஒழுகி நனைந்த கம்பளம், முந்தின நாள் மல்லிகை, பிரியாணி, மூன்றும் சேர்ந்த மணம் அது. இப்போதும் ஏதாவது ஹோட்டல் லிஃப்டில் அந்த மணம் வந்தால், யாருக்கோ வாடகை நாற்காலி எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று கை பரபரக்கும்.

அலுவலகத்தில் மூன்றே பேர். மேனேஜர் சேகர் அண்ணன், நான், மெர்சி. மெர்சிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். நானும் பிரிக்பீல்ட்ஸ்தான். தினமும் காலையில் ஒன்றாகக் கொமுட்டர் ரயில் ஏறுவோம். அவள் அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கில், தேங்காய்ப்பால் சோற்றில், பாதி எனக்கு. அதற்குத் தொட்டுக்கொள்ளும் காரச் சம்பல் அதிகமாகப் போடச் சொல்லி நான் அவள் வழியாகத் தூது அனுப்புவேன். வெட்கமே கிடையாது.

மண்டபத்துப் பதிவெல்லாம் ஒரே கணினியில், ஒரே பட்டியலில் இருந்தது. யாராவது தேதி கேட்டு வந்தால் அதைத் தேடும் பெட்டியில் அடிப்போம். பெயர் வந்தால் அந்த நாள் பதிவாகிவிட்டது, வராவிட்டால் காலி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாசல் பலகையில் மணமக்கள் பெயரைத் தமிழில் அச்சடித்து ஒட்டலாம் என்று எனக்கு ஆசை வந்தது. தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கப் போனேன். கணினி என்னென்னவோ கேட்டது. பாதிக்குமேல் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் 'சரி' என்று அமுக்கினேன். கடைசியில் தமிழ் வந்தது. தமிழ்த்தொண்டு ஆற்றிய பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஜெஞ்சாரோமிலிருந்து கிருஷ்ணன் அங்கிள் வந்தார். மகளின் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் பேச வந்தவர். ஜூலை நாலு. முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. சேகர் அண்ணன் பட்டியலில் தேடினார். ஜூலை நாலில் வேறொரு பெயர் இருந்தது. மெர்சியின் சொந்த அத்தை பெயர். மகனின் சர்ச் கல்யாண விருந்துக்காக, சனிக்கிழமை மெர்சியே பதிந்தது. அங்கிள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீதை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் அடிச்சுப் பாத்தேண்ணே. காலியாதான் இருந்துச்சு" என்றாள் மெர்சி.

"அப்ப இவரு கல்யாணம் எங்க போச்சு? தானா நடந்து போயிருச்சா?"

அங்கிளைச் சமாதானப்படுத்தி அனுப்பிய பிறகு, சேகர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவதான் அழிச்சிருப்பாளா? நீ என்ன நெனக்கிற?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "சனிக்கிழம அவதான் மொதல்ல வந்தா. ஆபீஸ் சாவியும் அவகிட்டதான் இருந்துச்சு."

பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. போன வாரம் அவள் படிக்கட்டில் நின்று மெதுவாகப் போன் பேசியது நினைவுக்கு வந்தது. அத்தையிடம்தான் பேசியிருப்பாள் என்று தோன்றியது. அவள் கொடுத்த நாசி லெமாக்குகூட சந்தேகமாகப் பட்டது. மனுஷ மனம் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்.

நான் சொன்னதைச் சேகர் அண்ணன் அவளிடம் கேட்டுவிட்டார் போல, செவ்வாய்க்கிழமை ரயிலில் அவள் என்னோடு ஏறவில்லை. பெண்களுக்கான பெட்டிக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். ஓர் இடத்தில் 7/25 என்று இருந்தது. இருபத்தைந்தாவது மாதம். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை நான் புகுந்த அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வட்டாரம் என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தது. அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள். நான் 'சரி' சொன்ன நிமிடத்திலேயே கிருஷ்ணன் அங்கிள் வீட்டு 4/7, 7/4 ஆகத் திரும்பிக்கொண்டது. மறுநாள் மெர்சி தேடிய 4/7 காலி. மலேசியாவுக்கு மாற்றினேன். அங்கிள் மகளின் கல்யாணம் ஜூலை நாலில் வந்து நின்றது. மெர்சி பதிந்தது ஏப்ரல் ஏழுக்குப் போய்விட்டது.

அந்த நிமிடமே நான் எழுந்து போய்ச் சொல்லவில்லை. புதன் முழுக்க வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். வியாழன் காலை மெர்சி வரவில்லை. சேகர் அண்ணன், "தப்பு செஞ்சவ எப்படி வருவா" என்றார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பி, "காட்டு" என்றார். காட்டினேன்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மெர்சி வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அத்த தேதிய விட்டுக்குடுத்துட்டாங்க. சர்ச் ஹாலு கெடச்சிருச்சு" என்றாள். பிறகு, "கம்ப்யூட்டர் மாறுனது உனக்குத் தெரியாது லா, அது பரவால்ல. சாவி எங்கிட்ட இருந்துச்சுன்னு சொன்னியாமே. எப்பவும் எங்கிட்டதான இருந்துச்சு?"

அவள் மண்டபத்துக்குத் திரும்பி வரவில்லை. அம்பாங்கில் ஏதோ கிளினிக்கில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். கிருஷ்ணன் அங்கிள் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் நான்தான்.

மண்டபம் இருந்த மாடியில் இப்போது உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. சேகர் அண்ணன் தவறிவிட்டார். குவார்ட்டர்ஸை இடித்து உயரமான கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் மெர்சி நின்ற வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில் என்று தோன்றும். இன்னொரு தடவை சாலையின் நடுவே என்று தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள, அங்கே குடியிருந்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.