எரிமலை உச்சியில் குளிர்

இந்தோனேசியாவுக்குச் சுற்றுலா போனபோது, சூரிய உதயம் பார்க்க நானும் கணவரும் ஒரு வழிகாட்டியுடன் எரிமலை ஏறினோம். ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"ரொறொன்ரோக் குளிரைக் கண்ட எங்களுக்கு உதெல்லாம் ஒரு குளிரோ?" என்று இவர் சிரித்தார். ஜாக்கெட்டுகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம்.

ஏறும்போது வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. உச்சியில் காற்று அறைந்தது. நடுங்கிக்கொண்டிருந்த இவருக்குத் திடீரென்று நடுக்கம் நின்றுவிட்டது.

"என்னப்பா செய்யுது?" என்றேன்.

"இப்ப குளிரேல்லை. நித்திரை வருது."

குளிர் விட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இவருடைய பேச்சுக் குழறியதைக் கவனித்த வழிகாட்டி ஓடிவந்தார். உடம்பின் சூடு இறங்குகிறது என்று சொல்லி, ஈரச் சட்டையைக் கழற்றித் தன் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டார். பாறை வெடிப்பில் எரிமலையின் நீராவி வரும் இடத்துக்கு அருகில் இவரை இருத்தினோம்.

உச்சிக்கு வந்திருந்த மற்றப் பயணிகள் எல்லோரும் உதயத்தைப் படமெடுத்தார்கள். நான் இவருடைய கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மனம் மரத்துக் கிடந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு இவர் மறுபடி நடுங்கத் தொடங்கினார். உடம்பு திரும்பச் சூடேறுகிறது, அது நல்ல அறிகுறி என்றார் வழிகாட்டி.

இப்போது எங்கே நடக்கப் போனாலும் என் பையில் ஜாக்கெட்டுகளும் உலர்ந்த சட்டையும் இருக்கும். இவர் குளிரவில்லை என்று சொன்னால், கையைத் தொட்டுப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

— ஒரு வாசகி, வெக்ஸ்போர்ட், ரொறொன்ரோ